எங்களுக்குப் பின் யார்?

சிறப்புத் தேவைகளோடு பிறந்த பிள்ளையை வளர்க்கும் பெற்றோர் பலருடைய உள்ளத்தில் இரவும் பகலும் எழுந்துகொண்டிருக்கும் வினா ஒன்று உண்டு. “நாங்கள் உள்ளவரை பார்த்துக்கொள்வோம், எங்களுக்குப் பின் இவனுக்கு யார்?” என்பதே அவ்வினா. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், டவுன் சிண்ட்ரோம் ஆகியவற்றுள் ஒன்றோடு வளரும் பிள்ளை சிறுவனாய் இருக்கும்போது இக்கேள்வி அத்துணைக் கூர்மையாகத் தோன்றுவதில்லை. சிறப்புப் பள்ளி உண்டு. அன்பான ஆசிரியை உண்டு. காலையில் குளித்து உடுத்திப் புறப்பட்டுச் செல்ல ஓரிடம் உண்டு. 18 வயது நிறைந்ததும் பெரும்பாலும் அப்பள்ளியின் கதவு மூடப்படுகிறது. அதன்பின் பல இல்லங்களில் நிகழ்வது என்ன? வளர்ந்த மகன் தொலைக்காட்சியின் முன் அமர்த்தப்படுகிறான். வளர்ந்த மகள் வீட்டின் பின்கட்டிலேயே நாள்களைக் கழிக்கிறாள். பள்ளியில் பாடுபட்டுக் கற்றவையும் பயன்படுத்தப்படாமல் மெல்ல மெல்ல மறந்துபோகின்றன.

இவ்வினாவுக்கு விடை தேடிப் பெற்றோர் சொத்துச் சேர்க்கின்றனர். வங்கியில் பணம் இடுகின்றனர். உடன்பிறந்தோரிடம் வாக்குறுதி பெறுகின்றனர். இவை வேண்டியவையே. ஆயினும் வங்கிப் பணம் ஒருவனுக்குச் சட்டைப் பொத்தானை மாட்டிவிடாது. கடைத்தெருவுக்கு வழி காட்டாது. தன் உழைப்பால் உண்கிறேன் என்னும் நிமிர்வையும் தராது. உண்மையான விடை உயிலில் தொடங்குவதில்லை. பிள்ளைக்கு 12, 14 வயதாகும்போதே வீட்டுச் சமையலறையிலும் தெருமுனைக் கடையிலும் அது தொடங்குகிறது.

கற்க இயலாதவரா, கற்பிக்கப்படாதவரா?

“இவனுக்கு ஒன்றும் வராது” என்னும் தீர்ப்பு எத்துணை எளிதாக நம் நாவில் எழுகிறது! 1970களில் அமெரிக்க நாட்டின் இலினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் கோல்டு என்னும் கல்வியாளர் இத்தீர்ப்பைச் சோதித்துப் பார்த்தார். சோதனைக்கு அவர் தேர்ந்துகொண்டது மிதிவண்டியின் பிரேக். 15 உறுப்புகளைச் சரியான வரிசையில் பொருத்தினால்தான் அது உருப்பெறும். மிக எளிய கைவேலை தவிர வேறெதற்கும் உதவார் என்று ஒதுக்கப்பட்டிருந்த, அறிவுசார் குறைபாடு மிகுந்தோரை அவர் அழைத்தார். வேலையைச் சிறுசிறு படிகளாகப் பிரித்தார். நீண்ட விளக்கங்களைத் தவிர்த்தார். கை பிழைக்கும் இடத்தில் மட்டும் துணை செய்தார். அவர்கள் கற்றுக்கொண்டனர், பிரேக்கைப் பிழையின்றிப் பொருத்தினர்.

கோல்டு கண்ட உண்மை இதுவே: மாணவன் கற்கவில்லையெனில் அவனைக் குறை கூறாதே, கற்பிக்கும் முறையை மாற்று. தம் முறைக்கு அவர் இட்ட பெயரே “வேறு வழியில் முயன்று பார்” என்பதாகும். நம் இல்லங்களின் சுவரில் எழுதிவைக்கத் தக்க சொற்கள் அல்லவா இவை?

வீடே முதற் பயிற்சிக்கூடம்

அன்பு மிகுந்த தாய் 20 வயது மகனுக்குத் தலை வாரிவிடுகிறாள். சோறு பிசைந்து ஊட்டுகிறாள். “அவன் செய்தால் நேரமாகிறது” என்பது அவள் கூறும் காரணம். நேரம் ஆகத்தான் செய்யும். ஆனால் இன்று நாம் மிச்சப்படுத்தும் ஐந்து நிமிடம், நாளை அவன் வாழ்நாள் முழுவதும் பிறர் கையை எதிர்பார்த்திருக்கும் நிலையாக மாறிவிடுகிறது. பிள்ளைக்காக எல்லாவற்றையும் செய்துவிடும் அன்பைவிட, செய்ய விட்டுக் காத்திருக்கும் அன்பே கடினமானது, அதுவே மேலானது.

எப்படிக் கற்பிப்பது? சட்டை அணிவதை எடுத்துக்கொள்வோம். எல்லாப் பொத்தான்களையும் தாய் மாட்டிவிட்டுக் கடைசிப் பொத்தானை மட்டும் மகனுக்கு விடட்டும். அது வசமானதும் கடைசி இரண்டு, பின்னர் மூன்று. இவ்வாறு முடிவிலிருந்து தொடக்கம் நோக்கிச் செல்லும்போது ஒவ்வொரு நாளும் வேலையை முடித்தவன் அவனே ஆகிறான். “நான் முடித்தேன்” என்னும் அம்மகிழ்ச்சியே அவனை அடுத்த படிக்கு இட்டுச்செல்கிறது.

பேருந்துப் பயணமும் இவ்வாறே. முதலில் தந்தை அருகில் அமரட்டும். சில வாரங்களுக்குப் பின் இரண்டு இருக்கை தள்ளி அமரட்டும். பின்னர் இறங்கும் நிறுத்தத்தில் மட்டும் காத்து நிற்கட்டும். துணையைத் திடீரென விலக்காமல் சிறிது சிறிதாகக் குறைப்பதே இதன் இரகசியம்.

கணக்கு வராத பிள்ளை கடைக்குப் போவது எங்ஙனம் என்று சிலர் கேட்கலாம். பொருளின் விலை 34 ரூபாய் என்றால், அதற்கு அடுத்த பத்தாகிய 40 ரூபாயைக் கொடுத்துவிட்டு மீதிக்காகக் காத்திருக்கப் பழக்கினால் போதும். கூட்டலும் கழித்தலும் அறியாதவரும் கடைக்குப் போய்வருவர். இவற்றோடு கைப்பேசியில் வீட்டாரை அழைத்தல், தன் பெயரும் முகவரியும் கூறுதல், தன் உடலைப் பிறர் தொடும்போது “வேண்டாம்” என்று உரத்துச் சொல்லுதல் ஆகியவற்றையும் மகனுக்கும் மகளுக்கும் ஒருசேரக் கற்பித்தல் வேண்டும்.

பணியிடமே பள்ளி

முதலில் பல ஆண்டுகள் பயிற்சி, அதன்பின் வேலை என்பதே பழைய வழக்கம். இப்பிள்ளைகளுள் பலர் ஓரிடத்தில் கற்றதை வேறிடத்தில் பொருத்திப் பார்க்க இடர்ப்படுவர். பயிற்சிக்கூடத்தில் நன்றாய்ச் செய்தவரும் புதிய இடத்தில் திகைத்து நிற்பதுண்டு. எனவே, வேலை நடக்கும் இடத்திலேயே வைத்துக் கற்பிக்கும் முறை வலுப்பெற்றது.

1996ஆம் ஆண்டு அமெரிக்காவின் சின்சினாட்டி நகரிலுள்ள குழந்தைகள் மருத்துவமனையில் எரின் ரீல் என்னும் செவிலியர் அவசர சிகிச்சைப் பிரிவின் பொறுப்பில் இருந்தார். மருத்துவப் பொருள்களை அடுக்கி வைக்கும் வேலைக்கு வருவோர் நிலைத்திருப்பதில்லை என்பது அவருடைய கவலை. இம்மருத்துவமனையில் சிகிச்சை பெறும் சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளுள் பலர் வளர்ந்தபின் இதே வேலையைச் செய்யலாகாதா என எண்ணினார். அவ்வெண்ணத்திலிருந்து பிறந்தது ‘புராஜெக்ட் சர்ச்’ என்னும் திட்டம். பள்ளியின் இறுதி ஆண்டை மாணவர் மருத்துவமனையிலேயே கழிக்கின்றனர். ஒவ்வொரு நாளும் சிறிது நேரம் பாடம். எஞ்சிய நேரம் வேலைப் பயிற்சி. ஆண்டுக்குள் மூன்று வெவ்வேறு பிரிவுகளில் பழகித் தமக்கு எது பொருந்தும் என்று கண்டுகொள்கின்றனர். இன்று அத்திட்டம் பல நாடுகளில் பரவியுள்ளது. அது தொடங்கியது பெருஞ்செல்வத்தால் அன்று, “எனக்கு ஆள் தேவை, இவர்களுக்கு வேலை தேவை” என்னும் நேர்மையான கணக்கினால்தான்.

நம் நாட்டில் இவ்விளைஞர்க்கு வேலை என்றதும் மெழுகுதிரியும் காகித உறையுமே நினைவுக்கு வருகின்றன. அவை தவறல்ல. ஆனால் பிள்ளையின் இயல்பை முதலில் நோக்குதல் வேண்டும். ஒழுங்கை விரும்புபவன் கடையிலோ நூலகத்திலோ பொருள்களை அடுக்கலாம். மனிதரை விரும்புபவள் உணவகத்தில் பரிமாறலாம். திறந்த வெளியை நாடுபவனுக்கு நாற்றங்கால் உண்டு. இரைச்சல் தாங்காதவனை ஆலைக்கு அனுப்பலாகாது. முதலாளி செய்ய வேண்டியதும் பெரிதன்று: வேலையின் படிகளைப் படங்களாக வரைந்து மாட்டுதல், ஒரு நேரத்தில் ஒரு கட்டளை மட்டும் இடுதல், மாற்றம் வருமுன் அறிவித்தல், தொடக்க வாரங்களில் பயிற்றுநர் ஒருவர் உடனிருக்க இசைதல். அத்துடன், உழைப்புக்குரிய ஊதியத்தை முறையாகத் தருதல். ஊதியம் கருணைத் தொகையன்று, உழைத்தவரின் உரிமை.

சட்டம் தரும் துணை

1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் வேலை ஒதுக்கீட்டில் அறிவுசார் குறைபாடுடையோர்க்கு இடமில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அக்குறையை நீக்கியது. அரசுப் பணியிடங்களில் 4 விழுக்காடு ஒதுக்கீடு செய்து, அதனுள் ஒரு விழுக்காட்டில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றையும் சேர்த்தது. ஆயினும் அரசுப் பணிக்குரிய கல்வித் தகுதி பலருக்கு எட்டாதது. ஆகவே உள்ளூர் வணிகரும் சிறுதொழில் நடத்துவோரும் திறக்கும் கதவே பலருக்கு வாழ்வளிக்கும்.

பெற்றோர் மறவாமல் அறிய வேண்டியது மற்றொன்று. 18 வயது நிறைந்ததும் சட்டத்தின் முன் பெற்றோர் தாமாகவே காப்பாளர் ஆவதில்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோர்க்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய உள்ளூர்க் குழு காப்பாளரை நியமிக்கலாம். ஆனால் காப்பாளர் என்பவர் பிள்ளையின் விருப்பத்தைக் கேளாது ஆள்பவர் அல்லர். அவரோடு கலந்து முடிவு செய்யத் துணைநிற்பவர். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் பெறலாம். முட்டுக்காட்டில் 2005ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பல்வகைக் குறைபாடுடையோர்க்கான தேசிய நிறுவனமும் தொழிற்பயிற்சிக்கு வழிகாட்டும்.

நம் கடமை

ஐக்கிய நாடுகள் அவை மாற்றுத்திறனாளிகளுக்கென அறிவித்த 1981ஆம் ஆண்டிலேயே, உழைப்பைக் குறித்துத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஒரு சுற்றுமடல் எழுதினார். முழுத்திறன் உடையோரை மட்டும் பணிக்கு ஏற்கும் சமுதாயம் அநீதியான சமுதாயமே என்பது அதன் போதனை. இப்போதனை கடை வைத்திருப்பவர்க்கும், அச்சகம் நடத்துபவர்க்கும், பள்ளி, மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் உரியதன்றோ?

எல்லாப் பிள்ளைகளும் தனித்து வாழ்ந்துவிடுவர் என்று எவரும் வாக்களிக்க இயலாது. ஒருவர் முழுநேர வேலைக்குச் செல்வார். மற்றொருவர் நாளில் இரண்டு மணி நேரம் உழைப்பார். இன்னொருவர்க்குத் தாமே உண்டு, தாமே உடுத்துவதே பெரும் வெற்றியாகும். அளவு எதுவாயினும், நேற்றைவிட இன்று ஒரு படி தம் கையால் ஏறுகின்றனரா என்பதே கேள்வி.

பெற்றோரே! இன்று மாலை உங்கள் பிள்ளைக்காக நீங்கள் செய்யும் வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, படிகளாகப் பிரித்து, கடைசிப் படியை அவரிடம் ஒப்படையுங்கள். “எங்களுக்குப் பின் யார்?” என்னும் கேள்விக்கு உறவினரும் அரசும் விடையின் ஒரு பகுதியே. மறுபகுதி, இன்று நீங்கள் கற்பிக்கும் அந்தப் பிள்ளையே.