கை ஓய்ந்தது, கையெழுத்து ஓயவில்லை

உருதுவின் நஸ்தாலிக் எழுத்தைக் கம்ப்யூட்டர் காப்பாற்றியது. அதை எழுதிவந்தவர்களைக் கைவிட்டது.

தில்லி ஜும்மா மசூதியை ஒட்டிய உருது பஜாரில் ஒருகாலத்தில் காத்திபுகளுக்குக் கிராக்கி அதிகம். பத்திரிகைப் பக்கம், கஜல் தொகுப்பு, திருமண அழைப்பிதழ், கடைப் பலகை என எல்லாவற்றையும் எழுதித் தந்தவர்கள் இவர்கள்தான். தமிழும் வங்காளமும் ஈய எழுத்துக்கு மாறி நூறாண்டுக்கு மேலான பிறகும், உருதுப் பத்திரிகைகள் 1980கள் வரை இவர்களது நாணல் பேனாவையே நம்பியிருந்தன.

காரணம், அந்த எழுத்தின் நளினம். ஈரானில் உருவாகி முகலாய அரசவையில் செழித்த நஸ்தாலிக்கில் சொற்கள் நேர்கோட்டில் நிற்பதில்லை. வலப்புறம் மேலே தொடங்கி இடப்புறமாகச் சரிந்து இறங்குகின்றன. மயிரிழையாக மெலிந்த கோடு அடுத்த வளைவிலேயே தடிக்கிறது. பக்கத்தில் வரும் எழுத்தைப் பொறுத்து ஒரே எழுத்து பல வடிவங்கள் எடுக்கிறது. வரிசையாக அடுக்க வேண்டிய ஈய அச்சு இதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. நேராக நிற்கும் நஸ்க் எழுத்தில் அச்சிட்டுப் பார்த்தார்கள்; பெரும்பாலான உருது வாசகர்களுக்குப் பிடிக்கவில்லை. எனவே காத்திப் எழுதியதை அப்படியே கல்லச்சிலும், பின்னர் ஆஃப்செட்டிலும் ஏற்றினார்கள்.

சிக்கலைத் தீர்த்தவரும் ஒரு எழுத்துக் கலைஞர்தான். தில்லியில் பிறந்து கராச்சியில் குடியேறிய மிர்ஸா அகமது ஜமீல், தனி எழுத்துகளுக்குப் பதிலாக எழுத்துகளின் கூட்டு வடிவங்களைக் கையால் எழுதினார். சுமார் 20,000 வடிவங்கள்! மோனோடைப் நிறுவனத்தின் இயந்திரத்தில் 1981இல் அவை அரங்கேறின. தந்தை நூர் அகமதின் நினைவாக அதற்கு 'நூரி நஸ்தாலிக்' என்று பெயர். 1994இல் தில்லி நிறுவனம் ஒன்றின் 'இன்பேஜ்' மென்பொருள், உருதுப் பக்கங்களைச் சாதாரணக் கம்ப்யூட்டரிலேயே வடிவமைக்க வழிசெய்தது. பத்திரிகை அலுவலகங்களில் காத்திபுகளின் நாற்காலிகள் காலியாயின.

விதிவிலக்கு சென்னையில் இருந்தது. 1927இல் தொடங்கிய 'முஸல்மான்' நாளிதழ், 21ஆம் நூற்றாண்டிலும் கையால் எழுதப்பட்டது. ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று மணி நேரம். கடைசி நிமிடச் செய்திக்காக முதல் பக்கத்தில் ஒரு மூலையைக் காலியாக விட்டு வைப்பார்கள்.

எழுத்துரு தந்த லாபம் கண்கூடு. பிழை திருத்த முழுப் பக்கத்தையும் மறுபடி எழுத வேண்டியதில்லை. பாடநூல் முதல் அழைப்பிதழ் வரை சில நிமிடங்களில் தயார். செல்போனுக்கு வரத்தான் தாமதமானது: ஐபோனில் நஸ்தாலிக் 2017இல்தான் இடம்பிடித்தது.

நஷ்டம் சட்டென்று கண்ணில் படாது. காத்திபுகள் காலத்தில் தில்லி, லக்னோ, லாகூர் என்று ஊருக்கொரு பாணி இருந்தது. வளைவைப் பார்த்தே எழுதியவரைச் சொல்லக்கூடிய ரசிகர்களும் இருந்தார்கள். இன்றோ ஆயிரக்கணக்கான பக்கங்களில் தெரிவது ஜமீல் ஒருவரின் கைதான். மத்திய அரசின் தேசிய உருது மொழி வளர்ச்சிக் கவுன்சில், எழுத்துக்கலையையும் கிராஃபிக் டிசைனையும் ஒரே படிப்பாக்கி டிப்ளமா வகுப்புகளைத் தொடங்கியது. பேனா பிடிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால்தான் அடுத்த எழுத்துரு பழையதன் நகலாக இல்லாமல் பிறக்கும்.