மின்னணுச் சுருதிப்பெட்டி

‘சுருதி மாதா, லயம் பிதா’ என்பர் ஆன்றோர். தம்புரா மீட்டத் துணையின்றி வீட்டில் தனியே பாடிப் பழகுவது கடினம். இக்குறையைப் போக்க, பெங்களூரைச் சேர்ந்த புல்லாங்குழல் கலைஞரும் பொறியாளருமான ஜி. ராஜ் நாராயண் மின்னணுச் சுருதிப்பெட்டியை உருவாக்கினார். பின்னர் மின்னணுத் தபேலாவையும் அமைத்தார்.

மாணவச் செல்வங்களே! துருத்தி செய்த வேலையை இதில் மின்சுற்று செய்கிறது. மின்னோட்டம் நொடிக்குப் பல நூறு முறை அலைகிறது. ஒலிபெருக்கி அவ்வலைவை நாதமாக்குகிறது. குமிழைத் திருகினால் அலைவு கூடும் அல்லது குறையும். ஆண்கள் ஒரு கட்டையிலும் பெண்கள் ஐந்து கட்டையிலும் வைத்துப் பாடுவது வழக்கம்.

காஜாங்கில் தேவாரம் பயிலும் நம் பிள்ளைகளுக்கு இது நற்றுணை. ஆயினும் சுருதி விலகினால் பெட்டி கண்டிக்காது. செவிதான் உணர வேண்டும். அச்செவியைப் பழக்குபவர் ஆசிரியரே என்பதை நாம் மறவோமாக!