பத்திரத்தில் இருபது சென்ட், படத்தில் பதினேழு

நில ஆவணத்தில் எல்லைப் பிழை இருந்தால் முதலில் மாட்டிக்கொள்பவர் விற்பவர்தான். கல்லாற்றின் மலைச்சரிவுகள் சொல்லும் பாடம் இது.

விண்ணிலிருந்து பூமியைப் படம்பிடித்து அளக்கும் இஸ்ரோவுக்கே நிலம் வாங்குவதில் சிக்கல் வந்தது. விண்வெளிக் கல்வி நிறுவனம் ஒன்றை அமைப்பதற்காக, திருவனந்தபுரம் மாவட்டம் பொன்முடியில் உள்ள மெர்ச்சிஸ்டன் எஸ்டேட்டில் 80 ஏக்கருக்கு மேல் 2007-இல் விலைக்கு வாங்கியது. ஆனால், அது சூழலியல் ரீதியாக நலிந்த வனநிலம், 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுக்கே சேர்ந்தது என்றது வனத்துறை. பெரும் சர்ச்சை கிளம்பியது. கடைசியில் நிறுவனம் எழுந்தது பொன்முடியில் அல்ல, நெடுமங்காட்டை அடுத்த வலியமலையில்.

அந்தப் பொன்முடிக்கு ஏறும் சாலையில், 22 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் இடத்துக்கு அருகே இருக்கிறது கல்லாறு. ரப்பர், மிளகு, கமுகு, நடுவே பாறைகளில் உருண்டோடும் ஆறு, மேலே காடு. இங்கே பத்து, இருபது சென்ட் வைத்திருப்பவருக்கு இஸ்ரோவைப் போல வேறிடம் தேடிப்போக வழியில்லை. மகளின் கல்யாணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ அந்தத் துண்டு நிலத்தை விற்கத்தான் வேண்டும். முன்பணம் கை மாறிய பிறகு, பத்திரத்தில் உள்ள நிலமும் சர்வே படத்தில் உள்ள நிலமும் ஒன்றல்ல என்று தெரிந்தால் என்ன ஆகும்? வாங்குபவர் விலையைக் குறைப்பார், அல்லது முன்பணத்தைத் திருப்பிக் கேட்பார். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55-ஆவது பிரிவும் அவருக்குத்தான் துணை: தனக்குத் தெரிந்த, வாங்குபவரால் சாதாரணமாகக் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறைகளை விற்பவர் சொல்லியாக வேண்டும்.

பிழை எங்கிருந்து வருகிறது?

முதல் காரணம் சரிவு. பழைய பத்திரங்கள் பலவற்றுக்குத் தரையோடு தரையாகச் சங்கிலியோ டேப்போ பிடித்துத்தான் அளந்தார்கள். சர்வே படமோ நிலத்தைச் சமதளமாகப் பாவித்து வரையப்படுவது. 30 டிகிரி சரிவில் 100 அடி நீளமுள்ள ஒரு பக்கம், படத்தில் 87 அடிக்கும் குறைவாகவே வரும். அப்படிக் கணக்கிட்டால் பத்திரத்தின் 20 சென்ட், படத்தில் சுமார் 17 சென்ட். யாரும் திருடவில்லை, அளந்த விதம் வேறு, அவ்வளவுதான்.

இரண்டாவது, ஆறு. 'கிழக்கே ஆறு' என்று எழுதிய பத்திரத்துக்கு ஆறு கட்டுப்படுவதில்லை. அது கரையை அரித்து நகர்ந்தால், எல்லைக் கல் ஒரு பக்கமும் எல்லை மறுபக்கமுமாக நிற்கும். ஆற்றுப் புறம்போக்கு எங்கே முடிகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, கணக்கு. பத்திரம் சென்டில் பேசும், கேரளத்தின் நிலவரி ரசீது ஆரிலும் சதுர மீட்டரிலும் பேசும். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர். ஓர் ஆர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். மாற்றி எழுதும்போது புள்ளி இடம் மாறினால் நிலம் பத்து மடங்கு கூடும், குறையும்.

நான்காவதுதான் ஆபத்தானது: சர்வே எண். மறு அளவையில் எண்கள் மாறுகின்றன. பழைய எண்ணையோ தவறான உட்பிரிவையோ போட்டு வில்லங்கம் பார்த்தால், சான்று 'வில்லங்கம் இல்லை' என்று வந்துவிடலாம். அது உங்கள் நிலத்தைப் பற்றிய சான்றே அல்ல. பழைய எண், புதிய எண் இரண்டுக்கும் வில்லங்கம் பார்ப்பது அவசியம்.

அரை நூற்றாண்டு அளவை

கேரளத்தில் மறு அளவை 1966-இல் தொடங்கியது. அரை நூற்றாண்டு கடந்தும் முடியவில்லை. எனவே 2022 நவம்பர் 1 அன்று டிஜிட்டல் மறு அளவையைத் தொடங்கியது மாநில அரசு. மொத்தம் 1,550 கிராமங்கள் இலக்கு. முதலில் எடுத்துக்கொண்டவை 200. செயற்கைக்கோள் சமிக்ஞைகளைப் பிடிக்கும் 28 நிலையங்கள், ட்ரோன்கள், ரப்பர் மரங்கள் வானை மறைக்கும் இடங்களில் ரோபோட்டிக் டோட்டல் ஸ்டேஷன் என்று கருவிகள் மாறிவிட்டன. பதிவு, வருவாய், அளவை ஆகிய மூன்று துறைகளின் பதிவேடுகளையும் இணைக்கும் 'என்டெ பூமி' இணையதளம் 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டது. இதில் வந்துவிட்ட கிராமங்களில், நிலத்தின் ஒரு பகுதியை விற்பவர் பத்திரத்துக்கு முன்பே அந்தத் துண்டின் வரைபடத்தைப் பெற வேண்டும். முதலில் படம், பிறகு பத்திரம். பல காலம் இது தலைகீழாகவே நடந்துவந்தது.

கருவி எவ்வளவு துல்லியமானாலும், காட்டப்படும் எல்லையைத்தான் அது அளக்கும். சர்வேயர் வரும் நாளில் உரிமையாளர் ஊரில் இல்லாவிட்டால், பக்கத்து நிலக்காரர் காட்டும் வேலியே எல்லையாகிவிடக்கூடும். கேரள அளவை மற்றும் எல்லைகள் சட்டத்தின் 9(2) பிரிவின்படி வரைவு வெளியானதும் ஆட்சேபம் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு. மும்பையிலோ வளைகுடாவிலோ இருப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். 13-ஆவது பிரிவின் இறுதி அறிவிக்கை வந்துவிட்டால், பிறகு தாலுகா அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடக்க வேண்டும்.

விற்பவர் செய்ய வேண்டியது

விளம்பரம் கொடுப்பதற்கு முன் நான்கு காகிதங்களை அருகருகே வையுங்கள்: பத்திரம், அதற்கு முந்தைய மூலப்பத்திரம், வரி ரசீது, சர்வே படம். பெயர், சர்வே எண், பரப்பு, நான்கெல்லை ஆகிய நான்கும் நான்கிலும் ஒத்துப்போகின்றனவா? இல்லையென்றால் பிழை எந்தக் காகிதத்தில் என்று முதலில் கண்டுபிடியுங்கள். மருந்து அதைப் பொறுத்தது.

பத்திரத்தில் எழுத்துப் பிழையென்றால் பிழைதிருத்தல் பத்திரம் போதும். அன்று எழுதிக்கொடுத்தவரோ அவருடைய வாரிசுகளோ கையெழுத்திட வேண்டும். ஆனால் இல்லாத நிலத்தை அதன் மூலம் சேர்த்துக்கொள்ள முடியாது. வருவாய்ப் பதிவேட்டில் பிழையென்றால் தாசில்தாரிடம் மனு, அரசு சர்வேயரைக் கொண்டு மறு அளவை. வேலி இடம் மாறியிருந்து பக்கத்து நிலக்காரர் ஒப்புக்கொண்டால், வெள்ளைத்தாளில் எழுதி முடித்துவிடாதீர்கள். நிலம் கை மாறுவதாக இருந்தால் பதிவு செய்த பரிவர்த்தனைப் பத்திரம் தேவை. அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் மிஞ்சுவது உரிமையியல் நீதிமன்றம்தான்.

பரப்பும் எல்லையும் முரண்பட்டால், தெளிவாக எழுதப்பட்ட எல்லையே பொதுவாக மேலோங்கும் என்பது நீதிமன்றங்கள் பின்பற்றிவரும் கொள்கை. அளந்து பார்த்ததில் நிலம் கூடுதலாக இருந்தாலும் அது தானாக உங்களுடையதாகிவிடாது. எனவே விற்பனை ஒப்பந்தத்தில் மொத்த விலை எழுதுவதைவிட, 'அளந்து வரும் பரப்புக்கு, சென்டுக்கு இவ்வளவு' என்று எழுதுவது இருவருக்கும் பாதுகாப்பு.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது புதிய கதையல்ல. 1979-இல் தொடங்கி 1987 வரை நடந்த யு.டி.ஆர். பதிவேட்டுப் பணியில் நுழைந்த பிழைகள் இன்றும் பட்டாக்களில் உயிரோடு இருக்கின்றன. பாட்டனார் நிலம் பக்கத்து வீட்டார் பெயரில் இருப்பது, பாதிப் பரப்பு காணாமல் போவது என்று பல ரகம். எல்லையை அளந்து காட்டச் சொல்லி 'எஃப்-லைன்' மனு கொடுக்கலாம். அளவையில் தீர்மானித்த எல்லையை எதிர்த்து வழக்குப் போட, 1923-ஆம் ஆண்டுச் சட்டம் தருவது அறிவிக்கை நாளிலிருந்து 3 ஆண்டுகள்தான்.

எந்த மனுவாலும் தீராத குறைகளும் உண்டு. வனத்துறையின் ஜண்டைக் கற்களுக்கு அப்பால் உள்ள நிலம், புறம்போக்கு, 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி பழங்குடியினருக்குக் கிடைத்த நிலம் ஆகியவை விற்பனைக்குரியவை அல்ல. கல்லாற்றைச் சுற்றியுள்ள காணிக்காரர் குடியிருப்புகளில் இது முக்கியம்: வன உரிமை வாரிசுக்குப் போகும், விலைக்குப் போகாது.

பட்டாவோ வரி ரசீதோ மட்டுமே உடைமைக்கு ஆதாரமாகாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. பத்திரப் பதிவும் எல்லைக்கு உத்தரவாதமல்ல; எழுதியதைப் பதிவு செய்வதுதான் அதன் வேலை, போய் அளந்து பார்ப்பதல்ல. அளக்கும் பொறுப்பு விற்பவர், வாங்குபவர் தலையில்தான். விற்பவர் முதலில் அளந்தால் செலவு சர்வே கட்டணமும் சில மாதப் பொறுமையும். வாங்குபவர் முதலில் அளந்தால், பேரம் அவர் கைக்குப் போய்விடும்.