தோட்டத்து வாழ்வும் பேரியல் பாடமும்

பொருளாதாரப் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் பெரும்பாலும் வைக்கப்படும் இடைநிலைப் பேரியல் பொருளாதாரம், ஒரு நாட்டின் மொத்த வருமானம், விலைவாசி, வேலைவாய்ப்பு, வட்டி, நாணய மதிப்பு ஆகியவை ஒன்றையொன்று எவ்வாறு பற்றி இழுக்கின்றன என்பதை ஆராயும் பாடமாகும். முதலாண்டு அறிமுகத்தில் தனித்தனி அத்தியாயங்களாக வந்துபோன இவையெல்லாம் இங்கே சமன்பாடுகளாகக் கோக்கப்பட்டு, ஒன்றை அசைத்தால் மற்றவை எங்கே போய் நிற்கும் என்று மாணவர் கணக்கிட்டுக் காட்டவேண்டிய நிலைக்கு வருகின்றன. இப்பாடம் கடினமானது என்ற பெயர் பல நாடுகளிலும் உண்டு. அதற்குக் கணிதமே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், இதற்குத் தேவைப்படும் கணிதம் நேர்கோட்டுச் சமன்பாடுகளையும் சிறிதளவு நுண்கணிதத்தையும் தாண்டுவது அரிது. உண்மையான தடை, பாடநூல் எந்த நாட்டிலிருந்து தன் விளக்கத்தைத் தொடங்குகிறது என்பதில் இருக்கிறது. கெடா மாநிலத்தின் பாடாங் செராய் போன்ற ஓர் ஊரிலிருந்து செல்லும் மாணவரின் நிலையை வைத்துப் பார்க்கும்போது இது தெளிவாகிறது.

கூலிம் மாவட்டத்தில் அமைந்துள்ள பாடாங் செராய், விக்டோரியா போன்ற ரப்பர்த் தோட்டங்களைச் சுற்றிலும் கொண்டு வளர்ந்த ஊர். பால்மரங்கள் இருந்த நிலங்களில் பல பின்னர் செம்பனைக்கு மாறின. 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா, மின்னணுச் சில்லுத் தொழிற்சாலைகளை அருகிலேயே கொண்டுவந்தது. ஆகவே மூன்று தலைமுறைக் குடும்பம் ஒன்றில் பாட்டி பால்மரம் வெட்டியவராகவும், தந்தை செம்பனைத் தோட்டத்திலோ லாரியிலோ வேலை செய்பவராகவும், மூத்த பிள்ளை ஏற்றுமதித் தொழிற்சாலையின் இரவு ஷிப்டுக்குப் போகிறவராகவும் இருப்பது இவ்வட்டாரத்தில் வியப்புக்குரியதன்று. இம்மூவரின் வருமானத்தையும் பெரிதும் தீர்மானிப்பது உலகச் சந்தையில் உருவாகும் விலை.

இத்தகைய குடும்பத்துப் பிள்ளை தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழிக்கு மாறி, எஸ்டிபிஎம் அல்லது மெட்ரிகுலேஷன் என்னும் பல்கலைக்கழக முன்நிலைப் படிப்பு வழியாகச் சிந்தோக்கிலுள்ள வட மலேசியப் பல்கலைக்கழகத்துக்கோ பினாங்கின் அறிவியல் பல்கலைக்கழகத்துக்கோ கோலாலம்பூரின் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கோ செல்லும்போது, பாடநூல் பெரும்பாலும் ஆங்கிலத்தில், அதுவும் அமெரிக்க மாணவர்களை நோக்கி எழுதப்பட்டதாக இருக்கும். மேன்கியூ, பிளான்ஷார்டு போன்றோரின் நூல்கள் தெளிவுக்குப் பெயர்பெற்றவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவற்றின் எடுத்துக்காட்டுகள் தங்கியிருக்கும் பொருளாதாரம் மிகப் பெரியது. உலகச் சந்தையின் போக்கைத் தானே அசைக்கக்கூடியது.

பாடத்தின் முதுகெலும்பான ஐஎஸ்-எல்எம் மாதிரியை, கெய்ன்ஸ் 1936இல் வெளியிட்ட ‘பொதுக் கோட்பாடு’ என்ற நூலுக்கு விளக்கமாக ஜான் ஹிக்ஸ் 1937இல் வகுத்தார். பொருள்களுக்கான செலவும் உற்பத்தியும் சமமாகும் வட்டி, வருமானச் சேர்க்கைகள் அனைத்தையும் ஐஎஸ் என்னும் கோடு காட்டுகிறது. மக்கள் கையில் வைத்துக்கொள்ள விரும்பும் பணமும் புழக்கத்திலுள்ள பணமும் சமமாகும் சேர்க்கைகளை எல்எம் என்னும் கோடு காட்டுகிறது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடமே நாட்டின் வருமானமும் வட்டியும் ஆகும். அடிப்படை வடிவில் இம்மாதிரி வெளிநாட்டு வணிகமே இல்லாத மூடிய பொருளாதாரத்துக்குரியது. கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு ரிங்கிட்டிலும் 80 சென் தொகையை மக்கள் செலவிடுவர் என்று கொண்டால், வட்டி மாறாதிருக்கும்வரை, அரசு புதிதாகச் செலவிடும் 1 ரிங்கிட் கைமாறிக் கைமாறி இறுதியில் 5 ரிங்கிட் வருமானத்தை உண்டாக்கும் என்று மாணவர் மனப்பாடம் செய்கிறார். இதற்குப் பெருக்கி என்று பெயர். அந்த 80 சென்னில் 50 சென் இறக்குமதிப் பொருள்களுக்குச் செல்கிறது என்ற ஒரே மாற்றத்தைச் செய்தால் பெருக்கி 5இலிருந்து ஏறத்தாழ 1.4ஆகச் சுருங்கிவிடுகிறது. ஏற்றுமதியையும் இறக்குமதியையும் கூட்டினால் மொத்த உள்நாட்டு உற்பத்தியைவிடப் பெரிதாக வரும் மலேசியாவில், 2000ஆம் ஆண்டு வாக்கில் அக்கூட்டுத்தொகை அவ்வுற்பத்தியின் இருமடங்கையும் தாண்டியிருந்தது என்பதை நினைத்தால், முதல் கணக்கு எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்பது விளங்கும். இரண்டாம் கணக்கோ பதினான்கு வாரப் பருவத்தின் பிற்பகுதியில், தேர்வு நெருங்கும் வேளையில், விரைந்து நடத்தப்படும் திறந்த பொருளாதார அத்தியாயத்துக்குத் தள்ளப்படுகிறது.

ராபர்ட் மண்டெலும் மார்கஸ் பிளெமிங்கும் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கிய ஆய்வு அந்த அத்தியாயத்தில்தான் இடம்பெறுகிறது. முதலீட்டுப் பணம் தடையின்றி நாட்டுக்குள் வந்துபோவது, நாணய மதிப்பை நிலையாக நிறுத்துவது, வட்டியை உள்நாட்டுத் தேவைக்கேற்பத் தானே முடிவு செய்வது ஆகிய மூன்றில் ஒரு நாடு எவையேனும் இரண்டை மட்டுமே வைத்துக்கொள்ள முடியும் என்பது அதிலிருந்து பெறப்படும் விதி. இவ்விதிக்கு மலேசியாவைக் காட்டிலும் தெளிவான பாடம் கிடைப்பது கடினம். 1997 நடுப்பகுதிவரை ஒரு டாலருக்கு 2.50 ரிங்கிட் அளவில் இருந்த நாணயம் 1998 ஜனவரியில் 4.80ஐத் தாண்டிச் சரிந்தபோது, வெளியேறும் பணத்தைத் தடுக்க வட்டி உயர்த்தப்பட்டது. உயர்ந்த வட்டியோ கடன் பட்டிருந்த நிறுவனங்களை நெரித்தது. 1998 செப்டம்பர் தொடக்கத்தில் அரசு மூலதனப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு விதித்து, டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று மதிப்பை நிறுத்தியது. மூன்றில் முதலாவதைக் கைவிட்டதனால் மத்திய வங்கியான பேங்க் நெகாராவால் வட்டியைக் குறைக்க முடிந்தது. அவ்வாண்டு 7.4 விழுக்காடு சுருங்கிய பொருளாதாரம் மறு ஆண்டில் 6 விழுக்காட்டுக்குமேல் வளர்ந்தது. கட்டுப்பாட்டினால்தான் மீட்சி வந்ததா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. கட்டுப்பாடு விதிக்காத தென்கொரியாவும் அதே காலத்தில் மீண்டது. இந்த விவாதத்தைத் தாமே நடத்திப் பார்க்கும் மாணவருக்கு, கோடுகள் வெறும் கோடுகளாக இருப்பதில்லை. 3.80 என்ற எண் 2005 ஜூலை 21 வரை நீடித்தமையால், அது பெற்றோரின் நினைவிலும் பதிந்துள்ள எண்.

பணவீக்கமும் வேலையின்மையும் எதிரெதிர்த் திசையில் செல்லும் என்ற பிலிப்ஸ் வளைகோடு மாணவரைக் குழப்பும் மற்றோர் இடம். நியூசிலாந்தைச் சேர்ந்த ஏ. டபிள்யூ. பிலிப்ஸ், பிரிட்டனின் கூலிப் புள்ளிவிவரங்களைக் கொண்டு 1958இல் இதை வரைந்தார். பத்தாண்டுகளுக்குள்ளாகவே மில்டன் பிரீட்மன், மக்கள் விலையேற்றத்தை எதிர்பார்க்கத் தொடங்கினால் இவ்வுறவு நிலைக்காது என்று வாதிட்டார். இரண்டும் ஒரே தேர்வில் சரியான விடைகளாக ஏற்கப்படுவது மாணவர்க்கு முரணாகத் தோன்றும். ஒன்று குறுங்காலத்துக்கும் மற்றொன்று நெடுங்காலத்துக்கும் உரியது என்னும் விளக்கம் சொல்லப்பட்டாலும், குறுங்காலம் எப்போது முடிகிறது என்ற கேள்விக்குப் பாடநூல் நாள் குறித்துத் தருவதில்லை. பாடாங் செராய்க்கு வடகிழக்கே உள்ள பாலிங்கின் 1974 வரலாறு இங்கே பெரிதும் துணைசெய்யும். 1973 இறுதியில் எண்ணெய் விலை நான்கு மடங்காகி, அரிசி முதலியவற்றின் விலையும் ஏறி, நாட்டின் பணவீக்கம் 17 விழுக்காட்டைத் தாண்டிய அதே வேளையில், தொழில் நாடுகளின் மந்தத்தால் ரப்பர் விலை வீழ்ந்தது. வருமானம் இறங்க, செலவு ஏற, சிறுதோட்டக்காரர்கள் பல்லாயிரவராக 1974 நவம்பர் மாதத்தில் பாலிங்கில் திரண்டனர். அடுத்த மாதம் கோலாலம்பூரில் மாணவர்கள் அவர்களுக்கு ஆதரவாகத் தெருவுக்கு வந்தனர். விலையேற்றமும் மந்தமும் ஒருசேர வரும் இந்நிலைக்குத் தேக்கவீக்கம் என்று பெயர். பெரும்பாலான வகுப்புகளில் இதற்கு அமெரிக்காவின் பெட்ரோல் நிலைய வரிசைகளே எடுத்துக்காட்டாகின்றன. கெடாவில் அமர்ந்து பாலிங்கைப் பேசாமல் இதை நடத்துவது விந்தையே.

ராபர்ட் சோலோ 1956இல் அமைத்த வளர்ச்சி மாதிரி, இயந்திரங்களைக் குவிப்பதால் மட்டும் வளர்ச்சி முடிவின்றித் தொடராது என்றும், நெடுங்காலத்தில் வாழ்க்கைத்தரத்தை உயர்த்துவது தொழில்நுட்ப மேம்பாடே என்றும் கூறுகிறது. தொழிலாளரும் மூலதனமும் கூடியதற்கு ஈடாகக் காட்ட முடியாத உற்பத்தி உயர்வை மீதம் என்று குறிப்பர். எதுவென்று தெரியாத ஒன்றை எப்படி அளப்பது என்று மாணவர் தயங்குவது இங்கேதான். ரப்பர்த் தோட்டம் இதற்கு விடை வைத்திருக்கிறது. பால் வெட்டும் கத்தியும், நாளொன்றுக்கு 500 மரங்களுக்குமேல் வெட்டும் முறையும், விடியுமுன் தொடங்கும் வேலைநேரமும் தலைமுறைகளாகப் பெரிதும் மாறவில்லை. ஆனால் 1925இல் நிறுவப்பட்ட ரப்பர் ஆய்வுக்கழகம் உருவாக்கிய ஆர்ஆர்ஐஎம் 600 போன்ற ஒட்டுரகங்கள், தேர்வு செய்யப்படாத பழைய விதைமரங்களைப்போல் இரண்டு, மூன்று மடங்கு பால் தந்தன. அதே கத்தி, அதே கை. ஆயினும் விளைச்சல் மிகுந்தது. அந்த மிகுதியில் எவ்வளவு வெட்டியவரின் கூலிக்கு வந்தது என்பது வேறு கேள்வி. அதைச் சோலோவின் மாதிரி, உழைப்பாளர் தம் இறுதி உற்பத்திக்கேற்ற கூலி பெறுவர் என்ற எடுகோளினால் ஒதுக்கிவிட்டுச் செல்கிறது. தோட்டத்துப் பிள்ளை அந்த எடுகோளை அவ்வளவு எளிதில் ஒதுக்கமாட்டார்.

நுகர்வைப் பற்றிய பகுதி ஒப்பளவில் எளிது. மக்கள் இன்றைய வருமானத்தை மட்டுமன்றி வாழ்நாள் முழுவதற்குமான வருமானத்தை மனத்திற்கொண்டே செலவிடுகின்றனர் என்னும் மொடிக்லியானி, பிரீட்மன் ஆகியோரின் கருத்தை, பெருந்தொற்றுக் காலத்தில் ஊழியர் சேமநிதியிலிருந்து நான்கு சிறப்புத் திட்டங்கள் வழியாக எடுக்கப்பட்ட 145 பில்லியன் ரிங்கிட்டே சோதித்துக் காட்டுகிறது. முதுமைக்கென ஒதுக்கியதை இன்றே எடுத்தவர்கள் திட்டமிட்டு எடுத்தார்களா, வேறு வழியின்றி எடுத்தார்களா என்று கேட்டவுடன், கடன் பெற முடியாதவர்க்கு அக்கோட்பாடு பொருந்தாது என்ற பாடநூலின் அடிக்குறிப்பு மையத்துக்கு வந்துவிடும். மெய்வட்டி, அதாவது வட்டியிலிருந்து பணவீக்கத்தைக் கழித்து எஞ்சியது, பிடிபிடிஎன் கல்விக்கடனிலேயே இருக்கிறது: ஆண்டுக்கு 1 விழுக்காடு நிலைக் கட்டணமும் 2022இல் இருந்ததுபோல் 3.3 விழுக்காடு பணவீக்கமும் இருந்தால் கடன் வாங்கியவரின் மெய்ச்சுமை குறைகிறது. பலர் சேர்ந்து பணம் போட்டு முறைவைத்து எடுக்கும், தோட்டங்களில் வழங்கிவந்த ஏலக் கூட்டில், பணம் உடனே வேண்டுபவர் தள்ளுபடி கேட்டு எடுப்பதும் வட்டியே. கூட்டைத் தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த பின்னரும் அதன் தர்க்கத்தைப் பல வீடுகள் அறிந்தே இருந்தன.

இவ்வளவு பொருள் கையருகே இருந்தும், கோட்டை இடப்புறம் நகர்த்துவதா வலப்புறம் நகர்த்துவதா என்பதைப் பழைய வினாத்தாள்களிலிருந்து பழகிக்கொள்வதே தேர்வுக்கான உத்தியாகிவிடுகிறது. அதனால் நல்ல மதிப்பெண்ணும் வரலாம். கோடு ஏன் நகர்ந்தது என்று டியூட்டோரியல் வகுப்பில் கேட்டால் விடை வருவதில்லை. மூடிய பொருளாதாரத்தை முதலில் கற்பிப்பது எளிமைக்காக என்பர். எளிமை உண்மைதான், ஆனால் கெடா மாணவர்க்குத் திறந்த பொருளாதாரமே பழக்கமானது என்பதால், ஏற்றுமதியையும் நாணய மாற்று விகிதத்தையும் மூன்றாம் வாரத்திலேயே கொண்டுவந்துவிட்டு, மூடிய நிலையை அதன் சிறப்பு வகையாகப் பின்னர்க் காட்டுவது இங்கே பொருத்தமாக இருக்கும். அதற்குப் புதிய பாடநூல் எழுதப்படும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பேங்க் நெகாராவின் பணக்கொள்கைக் குழு ஆண்டுக்கு ஆறு முறை கூடி, ஓபிஆர் எனப்படும் அடிப்படை வட்டியைப் பற்றி வெளியிடும் சுருக்கமான அறிக்கையில் உலகத் தேவை, ஏற்றுமதி, உள்நாட்டுச் செலவு, பணவீக்கம், ரிங்கிட் ஆகியவை அலசப்படுகின்றன. 2020 ஜூலையில் 1.75 விழுக்காட்டுக்கு இறங்கி, 2023 மே மாதத்தில் 3 விழுக்காட்டுக்கு ஏறி, 2025 ஜூலையில் 2.75 ஆகக் குறைக்கப்பட்ட அவ்வட்டியின் ஒவ்வொரு திருப்பத்துக்கும் உரிய அறிக்கையை எடுத்துவைத்து, இதில் ஐஎஸ் எது, எல்எம் எது, கூலிம் தொழிற்சாலையின் ஆர்டர் எந்த வரியில் நுழைகிறது, வீட்டுக்கடன் தவணை எந்த வரியில் வெளிவருகிறது என்று குறித்துக்காட்டச் சொல்வது, ஒரு டியூட்டோரியல் வகுப்புக்குள் அடங்கக்கூடிய பயிற்சியே.