கோட்டைக்குள் ஓர் உழவர்

செங்கல்பட்டில் ரயில் ஏறும் பாதிப் பேர் வாயில் வரும் பேர் அது: “ஓமந்தூரார் ஆஸ்பத்திரிக்குப் போறேன்.” யார் அந்த ஓமந்தூரார்? அவர் கதையைத் தோண்டத் தோண்ட எனக்குத் தலைகால் புரியவில்லை!

மாமல்லபுரத்திலிருந்து கடற்கரைச் சாலையைப் பிடியுங்கள். கல்பாக்கம் தாண்டி, மரக்காணம் உப்பளங்கள் வந்ததும் மேற்கே திரும்பினால் திண்டிவனம். அங்கிருந்து புதுச்சேரி போகும் சாலையில் ஓமந்தூர். மல்லாட்டைக் கொல்லையும் சவுக்குத் தோப்புமான சீமை. அங்கே 1895ல் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ராமசாமி ரெட்டியார்தான், நாடு விடுதலை பெற்ற ராத்திரியில் சென்னை மாகாணத்தின் பிரதமர். ஆமாம், முதலமைச்சரை அப்போது அப்படித்தான் சொன்னார்கள். விசாகப்பட்டினத்திலிருந்து மலபார் வரை நீண்ட மாகாணம்! அதற்கு முன்பிருந்த பிரகாசம் அமைச்சரவை கவிழ்ந்ததும் பதவி இவரைத் தேடி வந்தது. தயங்கித் தயங்கித்தான் ஒப்புக்கொண்டார். 1947 மார்ச் 23ல் பதவியேற்பு. பொதுப்பணித் துறையைப் பார்த்துக்கொண்டவர் நம்ம பழைய செங்கல்பட்டு மாவட்டத்து நசரேத்தில் பிறந்த பக்தவத்சலம்.

சரி, கோட்டைக்குள் எட்டிப் பார்ப்போமா? கோயில் நுழைவுச் சட்டம், தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் இரண்டுமே அந்த 1947ல் நிறைவேறின. தேவதாசி முறையை எதிர்த்து முத்துலட்சுமி ரெட்டி எத்தனையோ வருஷம் போராடியது அன்றுதான் கைகூடியது. ஆனால் எனக்கு மயிர்க்கூச்செறிவது ஜமீன் விஷயத்தில்.

1802ல் கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்கள் செங்கல்பட்டு ஜாகீரையே மிட்டா என்னும் சிறு ஜமீன்களாகப் பிரித்து ஏலம் விட்டார்கள். உழுகிறவன் ஒருத்தன், வரி வசூலிக்கிறவன் இன்னொருத்தன் என்ற அந்த ஏற்பாடு மாகாணத்தின் பல பகுதிகளில் நூற்று நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. ஓமந்தூரார் அரசு அதில் கைவைத்த வரிசையைப் பாருங்கள். எடுத்த எடுப்பில் ஜமீனை ஒழிக்கவில்லை. முதலில் 1947ல் ஒரு சட்டம்: ஜமீன் குடியானவன் கட்டும் குத்தகையை, உழுகிறவனே அரசுக்கு நேராக வரி கட்டும் பக்கத்து ரயத்துவாரி நிலத்தின் தீர்வை அளவுக்குக் குறைத்தது. அதன் பிறகே 1948ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம். வயலில் தண்ணீரை வடித்துவிட்டுத்தானே அறுப்புக்கு ஆள் விடுவோம்? அந்தப் பக்குவம் ஏர் பிடித்த வீட்டுக்காரருக்குத் தெரியும் என்றே நான் நம்புகிறேன்.

அந்த 1948 சட்டத்தின் மூன்றாம் பிரிவை வாசித்தபோது துள்ளிக் குதித்துவிட்டேன். சட்டமா அது, ஊரின் வரைபடம்! புறம்போக்கு, மேய்ச்சல் நிலம், காடு, கல் குவாரி, ஆறு, ஓடை, ஏரி, மீன்பிடி உரிமை, படகுத்துறை வரை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி, எல்லாம் இனி அரசாங்கத்துடையது என்கிறது. ஜமீன்தாருக்கு நஷ்டஈடு, உழுதவனுக்கு ரயத்துவாரி பட்டா. எதையும் மறந்து விட்டுவிடக் கூடாது என்ற அந்தக் கவனம் இருக்கிறதே, அடடா! வருவாய்த் துறைக்காரர்களுக்கும் நில வழக்கு நடத்துகிறவர்களுக்கும் அது இன்றும் ‘26/48’. உங்கள் வீட்டுப் பழைய பத்திரக் கட்டைப் பிரித்தால் அந்த எண் கண்ணில் பட்டாலும் படும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டு நினைவுக்கு வருகிறது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்தான். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே குடவோலையில் பேர் எழுத, கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். நிலம் உள்ளவனுக்கே சபை என்றது அந்த ஊர். அதே சீமைக்குப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், உழுகிறவனுக்கே நிலம் கொடுக்கச் சபையைப் பயன்படுத்தினார்!

பாரதியார் பாடல்களின் உரிமையை அரசே வாங்கி நாட்டுடைமை ஆக்கும் அறிவிப்பும் 1949ல் அவர் ஆட்சியிலேயே வந்தது. அந்த ஏப்ரலில் கட்சிக்குள் எழுந்த பூசலில் பதவி விலகினார். அடுத்துப் போனது வடலூருக்கு. வள்ளலார் மேல் அவ்வளவு பற்று! அங்கே சுத்த சன்மார்க்க நிலையம் தொடங்கி, பள்ளிக்கூடம் நடத்தி, 1970ல் காலமாகும் வரை வடலூர்க்காரராகவே இருந்தார்.