வளையும் சூரிய மின்படலமும் ஒளி புகும் மின்வாயும்

சூரிய ஒளியால் இயங்கும் பம்புசெட்டுகள் இன்று பல கிணறுகளில் நீர் இறைத்து வருகின்றன. இவற்றின் தகடுகள் சிலிக்கானால் ஆனவை, கண்ணாடி போர்த்தியவை, கனமானவை. இவற்றுக்கு மாறாக, பாய்போல் சுருட்டக்கூடிய மெல்லிய படலமாகவும் சூரிய மின்கலங்களைச் செய்யலாம். கார்பன் சேர்மங்களால் ஆன இவற்றைக் கரிமச் சூரிய மின்கலங்கள் என்பர். இப்படலம் வளைந்தும் பழுதின்றி உழைக்க, அதன் ஒளி புகும் மின்வாய் நன்கு அமைய வேண்டும்.

மின்வாயின் பணி

மின்கலத்தின் நடுவில் ஒளியை உறிஞ்சி மின்சாரம் உண்டாக்கும் அடுக்கு உள்ளது. அதன் இருபுறமும் மின்சாரத்தைச் சேகரிக்கும் மின்வாய்கள் உள்ளன. ஒளி படும் பக்கத்து மின்வாய் ஒளியை உள்ளே விடவேண்டும். மின்சாரத்தையும் நன்கு கடத்தவேண்டும். இது வயலில் வாய்க்கால் அமைப்பதைப் போன்றதாகும். வாய்க்கால் அகலமானால் பயிரிடும் நிலம் குறையும். குறுகினால் கடைமடைக்கு நீர் சேராது. அதுபோல மின்வாய் தடித்தால் ஒளி குறையும். மெலிந்தால் மின்சாரம் குறையும்.

வெடிப்பு ஏன்?

வழக்கமாக இதற்கு இண்டியம் வெள்ளீய ஆக்சைடு பயன்படுகிறது. இதன் பூச்சு மட்பாண்டம் போன்று நொறுங்கும் தன்மையுடையது. பலமுறை வளைத்தால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் தோன்றி, மின்சாரம் தடைப்படும். மேலும், துத்தநாகத் தாதுவைச் சுத்திகரிக்கும்போது துணைப்பொருளாகக் கிடைக்கும் இண்டியம் அரிதானது, விலை மிகுந்தது.

மாற்று வழிகள்

1. வெள்ளி நுண்கம்பிகள்: தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவானவை. வலைபோல் பின்னிக் கிடப்பதால் வளைத்தாலும் தொடர்பு அறுவதில்லை. ஆனால் கந்தகச் சேர்மங்கள் பட்டால் வெள்ளி கறுக்கும்.

2. மின்கடத்தும் பாலிமர்: பிளாஸ்டிக்கையும் மின்கடத்தியாக்கலாம் என்று 1977-இல் கண்டறிந்த ஹீகர், மெக்டயர்மிட், ஷிரகாவா ஆகியோர் 2000-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். இவ்வகைப் பூச்சு நன்கு வளையும். ஆனால் ஈரத்தை ஈர்க்கும்.

ஆகவே, எதைப் பயன்படுத்தினாலும் காற்றும் ஈரமும் புகாத உறை அவசியம்.

பண்ணையில் பயன்

பயிர்கள் நீல, சிவப்பு ஒளியையே மிகுதியாகப் பயன்படுத்துகின்றன. அவ்வொளியைப் பெருமளவு விட்டுவிட்டு, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் கரிமப் படலங்களைப் பசுமைக்குடில் கூரையில் பொருத்த ஆய்வுகள் நடைபெறுகின்றன.

கவனிக்க வேண்டியவை

1986-இல் டாங் என்பவர் வெளியிட்ட ஈரடுக்குக் கரிம மின்கலம் ஒளியாற்றலில் சுமார் 1 சதவீதத்தையே மின்சாரமாக்கியது. இன்று ஆய்வுக்கூடத்துச் சிறு மின்கலங்கள் 19 சதவீதத்தைத் தாண்டியுள்ளன. எனினும் பரப்பு பெரிதாகும்போது இத்திறன் குறைகிறது. வெயிலிலும் ஈரத்திலும் ஆயுளும் குறைகிறது. சிலிக்கான் தகடுகளுக்கோ பொதுவாக 25 ஆண்டு உற்பத்தி உத்தரவாதம் தரப்படுகிறது.

எனவே, பம்புசெட்டுக்கு இப்போது சிலிக்கான் தகடே ஏற்றது. வளையும் படலம் என்று எவரேனும் விற்க வந்தால், அது எவ்வகையைச் சேர்ந்தது, வெட்டவெளியில் எத்தனை ஆண்டு உழைக்கும், எத்தனை ஆண்டுக்கு எழுத்து மூலம் உத்தரவாதம் உண்டு என்று கேட்டறிந்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலரையும் கலந்து ஆலோசிப்பது நல்லது.