சிக்னலில் சீறும் என்ஜின்

பெங்களூரு சில்க் போர்டு சிக்னல். ஆக்சிலரேட்டரில் கால் இல்லை. ஆனாலும் 800 ஆர்பிஎம் பக்கம் நிற்க வேண்டிய முள் 1,500, 2,000 என்று தாவுகிறது.

பெட்ரோல் கார்களில் முதல் சந்தேகம், கணக்கில் வராத காற்று. வெடித்த வேக்குவம் ஹோஸ், நைந்த இன்டேக் கேஸ்கெட் வழியே அது நுழைந்துவிடும். கரி படிந்த திராட்டில் பாடி, சிக்கிய ஐடில் வால்வு அடுத்தவை. கூலன்ட் சென்சார் பழுதானாலோ, கொதிக்கும் என்ஜினையும் குளிர்ந்ததாக நம்பி காரின் கணினி வேகத்தைக் கூட்டும்.

ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைகளுக்கு ஓடுமுன் ஸ்கேனர் போட்டுப் பார்க்கலாம். இன்டேக்கில் புகை செலுத்தினால் கசிவு கண்ணுக்கே தெரியும். ஹோஸ் மாற்றினால் தீரும் கோளாறுக்குக் கணினியையே மாற்றச் சொல்பவர்களும் உண்டு!

திராட்டில் பாடியைச் சுத்தம் செய்தபின், பல கார்களில் ஐடில் அளவை ஸ்கேனர் மூலம் மீண்டும் பதிய வேண்டும். மெக்கானிக்கிடம் அதைக் கேட்டுவிட்டே வண்டியை எடுங்கள்.